இருபத்திரண்டு தட்டும் ஒரு காய்ச்சலும்

பிரிக்பீல்ட்ஸ், 12 டிசம்பர் 1932

முறுக்கு உரலைக் கழுவி வெயிலில் வைத்தேன். பார்த்தாலே தோள் வலிக்கிறது. ரயில்வே குவாட்டர்ஸில் எங்கள் வரிசையில் எங்கள் வீடு போக இருபத்திரண்டு வீடுகள். தீபாவளிக்கு அவர்கள் பலகாரத் தட்டு வந்தது. கிறிஸ்துமஸுக்கு நம் தட்டு போக வேண்டும். போன வருஷம் நான்கு நாள் அடுப்படியில் வெந்துவிட்டு, திருநாள் பூசையில் குறட்டை விட்டேன். சாமியார் பிரசங்கத்தையே நிறுத்திப் பார்த்தாராம். இந்த வருஷமாவது கண் விழித்து முழுப் பூசை காண வேண்டும். ஆண்டவர் பிறந்ததற்கு நான் ஏன் சாக வேண்டும்?

15 டிசம்பர்

கிள்ளானிலிருந்து இவருடைய அக்காள் கெர்ட்ரூட் மதினி வந்திறங்கினார். பெட்டியைக் கீழே வைக்குமுன்பே, "இன்னும் மாவு இடிக்கலியா மேரி? எங்க பக்கமெல்லாம் அதிரசமே சுட்டாச்சு" என்றார். அங்கேயே இருந்து தின்றிருக்கலாமே.

17 டிசம்பர்

"ஆறு வீட்டுக்கு மட்டும் போதாதா?" என்று இவரிடம் கேட்டேன். "மத்த வீட்டுக்காரங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?" என்கிறார். மூஞ்சி இவருடையது, முதுகு என்னுடையது.

20 டிசம்பர்

எனக்குக் காய்ச்சல்.

இல்லை — இந்த நோட்டிலாவது பொய் வேண்டாம். சுடுதண்ணீர் போத்தலை நெற்றியில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டேன். மதினி தொட்டுப் பார்த்து அரண்டுபோனார்.

21 டிசம்பர்

படுத்தே கிடக்கிறேன், சுகம். மதினியே உலக்கையைத் தூக்கினார். பத்துக் குத்து. பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இந்த வருஷம் பலகாரம் வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

23 டிசம்பர்

மோசம் போனேன். "மேரிக்கு முடியலியாம், பாவம், நல்ல நாளும் அதுவுமா வீட்ல பலகாரம் இல்லாம இருக்கலாமா" என்று வரிசையே தட்டு அனுப்புகிறது. இருபத்திரண்டும் வந்துவிட்டன. வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கிறவள் இங்கே எவளும் இல்லை. ஏழு வருஷமா இங்க குடியிருக்கேன், இது எனக்குத் தோணலியே. முட்டாள். முட்டாள்.

25 டிசம்பர்

காய்ச்சல்காரி பூசைக்கு வரக்கூடாது என்று மதினி என்னை விட்டுவிட்டுப் போனார். கோயில் மணி கேட்டது. இவ்வளவு நன்றாக எந்தத் திருநாளுக்கும் விழித்திருந்ததில்லை. அழுகை வந்தது. அழுதுகொண்டே யார் வீட்டதோ ஒரு அதிரசத்தைத் தின்றேன்.

27 டிசம்பர்

மதினி ரயிலேறியதும் மாவு பிசைய உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு வீரம்மா வந்துவிட்டாள். போர்ட்டர் கன்னையாவின் மனைவி. கையில் எனக்காக ரசம்.

"காய்ச்சக்காரி பிசையிற மாவா அக்கா இது?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரசத்தை என் தலையில் கொட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ உரலைத் தன் பக்கம் இழுத்துப் பிழிய ஆரம்பித்தாள்.

"தீவாளிக்கு விடியக்காலைல நிம்மதியா எண்ணெ தேச்சுக் குளிச்சு எட்டு வருசமாச்சுக்கா. எனக்கு இந்தப் புத்தி வராமப் போச்சே."

14 அக்டோபர் 1933

தீபாவளி வாரம். வீரம்மாவுக்குக் கடும் காய்ச்சலாம். என் சுடுதண்ணீர் போத்தல் முந்தாநாள்தான் இரவல் போனது.

இந்தத் தடவை முதல் வேலையாக வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்: "எண்ணெ வாசமே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. யாரும் தட்டு அனுப்பாதீங்க."

எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். கடைசி வீட்டு சீதாலெட்சுமி மட்டும் வாசல்வரை பின்னாலேயே வந்து, மெதுவாக, கொஞ்சம் ஆசையோடு கேட்டாள்: "அது தொத்துக் காய்ச்சலா அக்கா?"