இரண்டு மணி நேரப் புத்தகம்

மோக்கா, டொமினிக்கன் குடியரசு
5 செப்டம்பர் 1993

என் கிழவி ஒந்தினாவுக்கு,

உன் எலிஹியோ எழுதுவது. கூரை சுகம், கோழிகள் சுகம், நானும் சுகம். இடுப்பு மட்டும் உன்னை விசாரித்தது. நியூயார்க்கில், பிராங்ஸில் இருபது வருஷம் டாக்சி ஓட்டிய இடுப்பு, சொந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தாலும் மீட்டர் எங்கே என்று தேடுகிறது.

வீட்டு வேலை முடிந்துவிட்டது. சமையலறைக்கு நீ கேட்ட பச்சை அடித்தாயிற்று. இது பச்சையே இல்லை, கஷாயம் என்கிறார் கொத்தனார். டிசம்பரில் மூட்டைமுடிச்சோடு ஒரேயடியாக வந்து நீயே தீர்ப்புச் சொல்.

லீவுக்கு வந்த உன் தங்கை லுஸ், நாங்கள் டோமினோ ஆடும் மேஜையில் எல்லோர் முன்னாலும் ஒரு குண்டைப் போட்டாள். நீ கல்லூரியில் சேர்ந்திருக்கிறாயாம்! சவரக்கடை சிச்சோ சும்மா இருப்பானா?

"டேய் எலிஹியோ, உன் பொண்டாட்டி காலேஜ் முடிச்சிட்டு வந்தா உன்னை டிரைவரா வெச்சுக்குவாளாடா?"

"சம்பளம் எவ்வளவுன்னு கேட்டுச் சொல்றேன்" என்று சமாளித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஆட்டத்தில் தோற்றேன்.

நாற்பத்தெட்டு வயதில் எதற்கம்மா படிப்பு? டிசம்பரில் வருவதில் மாற்றம் இல்லையே? வகுப்பில் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்? சும்மாதான் கேட்கிறேன்.

உன் எலிஹியோ

*

பிராங்ஸ், நியூயார்க்
26 செப்டம்பர் 1993

அன்புக் கிழவா,

லுஸுக்கு வாய் நீளம். நானே எழுத இருந்தேன், தைரியம் வருவதற்குள் அவள் விமானம் ஏறிவிட்டாள்.

நர்ஸ் படிப்பு. பதினாறு வருஷமாக வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டித் துடைக்கிறேன். தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு பருவமாவது படித்துத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன்.

புல்வெளி, மணிக்கூண்டு என்றெல்லாம் கற்பனை செய்யாதே. இது நகரத்துக் கல்லூரி, என்னைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகும் கல்லூரி. பாதாள ரயிலிலிருந்து மேலே ஏறினால் வாசல். நகரும் படிக்கட்டு ஒன்று உண்டு, அது நகர்ந்து பார்த்தவர் யாரும் இல்லை. ஆறாவது மாடிக்குப் போய்ச் சேரும்போது எந்த நாட்டுக்காரருக்கும் ஒரே பாஷைதான், மூச்சு வாங்குவது. வகுப்பில் என்னைவிட மூத்தவள் ஒருத்தி, கைக்குழந்தையோடு ஒருத்தி, சீருடையோடு ஒரு பஸ் டிரைவர். குழந்தை அழுதால் டிரைவர் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு குறிப்பெடுக்கிறார். மணியடித்ததும் ஒருவரும் நிற்பதில்லை, எல்லோருக்கும் வேலை இருக்கிறது. பேராசிரியை அம்மாளே மூன்று கல்லூரிகளில் பாடம் எடுக்கிறார், அவரும் ஓடுகிறார். சந்தேகம் கேட்பதற்கு அவரோடு நாங்களும் ரயில் ஏறுகிறோம். போன வாரம் கூட்டத்துக்கு நடுவே, "இதயத்துக்கு எத்தனை அறை?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவன், "நாலு!" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனான்.

உடற்கூறியல் பாடப்புத்தகத்தைக் கடையில் எடுத்தேன், விலையைப் பார்த்தேன், எடுத்த இடத்திலேயே வைத்தேன். நூலகத்தில் ஒரே ஒரு பிரதி இருக்கிறது. வெளியே கொண்டுபோகக் கூடாது. இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம், அப்புறம் வரிசையில் நிற்கும் அடுத்தவருக்கு. அதனால் நானும் பெஸ்னிக் என்கிற அல்பேனியக்காரரும் அதைச் சேர்ந்து இரவல் எடுத்துச் சேர்ந்து படிக்கிறோம். பக்கத்தில் யார் என்று சும்மா கேட்டாயே, அவர்தான்.

டிசம்பரில் வந்துவிடுவேன். கஷாயமாகவே இருக்கட்டும், மாற்றாதே.

ஒந்தினா

*

மோக்கா
10 அக்டோபர் 1993

டாக்டரம்மா ஒந்தினா சமூகத்துக்கு,

அல்பேனியாவைப் பள்ளிக்கூடத்து உலகப் படத்தில் தேடினேன். கட்டைவிரலை வைத்தால் மறைந்துபோகிறது. இத்தனூண்டு நாட்டிலிருந்து ஒருத்தன் கிளம்பி வந்து என் பெண்டாட்டி புத்தகத்தில் பாதி கேட்கிறானா?

அது என்ன புத்தகம் என்று மருந்துக்கடைக்காரரிடம் விசாரித்தேன். அவரிடம் பழைய பிரதி ஒன்று இருந்தது, திறந்து காட்டினார். ஒந்தினா! அதில் ஒருத்தருக்கும் துணி இல்லை. சிலருக்குத் தோல்கூட இல்லை. இதையா ஓர் அந்நிய ஆணோடு தோளுரச உட்கார்ந்து படிக்கிறாய்? ஓர் ஆம்பளை உடம்பு எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டுமானால் இங்கே ஒன்று சும்மாதானே கிடக்கிறது? கொஞ்சம் பழசு, ஆனால் எந்தப் பக்கமும் கிழியவில்லை.

சிச்சோவிடம் சொன்னது என் புத்திகெட்ட வேலை. தினமும் கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறான்.

"எதுவரைக்கும் படிச்சிருக்காங்க?"

"நுரையீரல் வரைக்கும் இருக்கும்."

"அப்ப இன்னும் கீழ எறங்கல. பயப்படாத."

சிரிக்காதே. மூன்று விஷயம் தெரிந்தாக வேண்டும். அவனுக்கு மீசை உண்டா? மனைவி உண்டா? பக்கத்தை யார் புரட்டுவது?

எலிஹியோ
(தோலோடு இருப்பவன்)

*

பிராங்ஸ்
31 அக்டோபர் 1993

என் தோலுள்ள கிழவா,

மீசை உண்டு. மனைவியும் உண்டு, ஊரில் விசாவுக்குக் காத்திருக்கிறாள். ஒரு பெரிய கட்டடத்தில் கொதிகலன் பார்க்கும் வேலை. இங்கிலீஷ் இன்னும் சரளமாக வரவில்லை, உதட்டை அசைத்து அசைத்துத்தான் படிப்பார். பக்கத்தை நான் புரட்டுகிறேன். எனக்கு முதலில் முடிந்துவிடும், அவர் தலையாட்டும்வரை பொறுத்திருப்பேன். பொறுத்திருக்கும் நேரத்தில் அதே பக்கத்தை இன்னொரு தரம் படிப்பேன். அதனாலோ என்னவோ முதல் பரீட்சையில் வகுப்பில் இரண்டாவதாக வந்தேன். முதலாவது யார் என்று கேட்காதே. மீசை இருக்கிறது.

பேராசிரியை தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "ஒந்தினா, நீங்க எங்க இருந்தீங்க இத்தனை நாளா?" என்று கேட்டார். கழிப்பறைக்குப் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான், பயப்படாதே.

இனி சொல்லப்போவதை நின்றுகொண்டு படிக்காதே. அந்தப் புத்தகம் ஒரு பருவத்தில் முடிவதில்லை. ஜனவரியில் மறு பாதி. அதற்குப் பின்னாலும் படிப்பு இருக்கிறது. பெயர் கொடுத்துவிட்டேன். டிசம்பரில் வருவேன் எலிஹியோ, ஆனால் திரும்பும் டிக்கெட்டோடு வருவேன்.

உன் ஒந்தினா

*

நியூயார்க் விமான நிலையம்
19 நவம்பர் 1993

ஒந்தினா,

தபால் முத்திரையைப் பார்த்துத் திடுக்கிடாதே. வந்தேன், இதோ போகிறேன். லுஸ் வீட்டில் படுத்திருந்தேன். அவள் வாயை மூட இரண்டு பாட்டில் ரம் செலவு.

நேற்று உன் கல்லூரி வாசலில் காவலுக்கு நின்றவன் நம் ஊர்ப் பையன்.

"மாமா, அடையாள அட்டை இருக்கா?"

"இல்ல தம்பி. என் பொண்டாட்டி உள்ள இருக்கா."

"என்ன படிக்கறாங்க?"

"உடம்பு."

ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "போங்க மாமா" என்று பரிதாபப்பட்டு விட்டுவிட்டான்.

நூலகத்தில் உனக்கு எதிர் மேஜையில், கையில் கிடைத்த ஒரு தடிப் புத்தகத்துக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதைத் தலைகீழாகப் பிடித்திருப்பது தெரிந்தது. வேதியியல் என்பதால் எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

உன் முகத்தில் அந்த மீசைக்காரனைத் தேடினேன். அதற்காகத்தானே கடல் தாண்டி வந்தேன்? உன் முகத்தில் அவன் இல்லை. அவன் தும்மினான், கொட்டாவி விட்டான், பேனாவைக் கீழே போட்டுத் தேடினான், நீ ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. பக்கத்தின் மூலையில் விரலை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தையே பார்த்தாய். அப்படி ஒரு பார்வை என் மேல் விழுந்ததாக ஞாபகம் இல்லை. விழுந்திருந்தால் மறந்திருக்க மாட்டேன்.

எனக்குப் போட்டி ஓர் ஆளாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன், அல்லது அவன் என் சட்டையைப் பிடித்திருப்பான், கொதிகலன்காரன் நல்ல திடகாத்திரம். அட்டை போட்ட ஒரு சாமானை நான் என்ன செய்வது? வயிறு எரிந்தது, தண்ணீர்க் குழாயைத் தேடிக் குடித்துப் பார்த்தேன். அணையவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

திரும்பும் டிக்கெட்டோடு வருவதானால் வர வேண்டாம். விமானத்துக்கு அழைக்கிறார்கள்.

எலிஹியோ

*

பிராங்ஸ்
28 நவம்பர் 1993

எலிஹியோ,

நீ கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோதே ஓரக்கண்ணால் பார்த்தேன். உன் நடையை எனக்குத் தெரியாதா? புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்ததையும் பார்த்தேன், சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன். அதையும் நீ பக்கத்தின் மேல் இருக்கும் காதல் என்று எடுத்துக்கொண்டாயோ என்னவோ.

எங்களுக்கு இன்னும் நாற்பது நிமிஷம் பாக்கி இருந்தது. மேஜையை விட்டு எழுந்தால் வரிசையில் நிற்பவர்களுக்குப் போய்விடும், மறுநாள் பரீட்சை. புத்தகம் போய்விடும், நீ இருப்பாய் என்று நினைத்தேன். இருபத்தாறு வருஷமாக அப்படித்தானே நினைத்துவந்திருக்கிறேன்? புத்தகத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் உன் நாற்காலி காலி. கழிப்பறையில் இருப்பாய் என்று வாசலில் நின்றேன். பெஸ்னிக் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து கையை விரித்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்றாலும் அவர் போகவில்லை. ரயில் நிலையம்வரை என்னோடு தேடினார். "என்ன சட்டை?" என்று கேட்டார், சொன்னேன். மிச்சத்தை அவர் கேட்கவில்லை.

மன்னித்துக்கொள் என்று எழுத ஒரு வாரமாக உட்காருகிறேன், எழுத வரவில்லை. வர வேண்டாம் என்கிறாய். டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி வருகிறேன், திரும்பும் டிக்கெட்டோடுதான். கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். அன்றைக்கு நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்திருந்தால், எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு உன்னோடு விமானம் ஏறியிருப்பேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் நிமிரவில்லை.

உன்
ஒந்தினா