ஆக்சில் ஆறும் வரை

எத்தனை திட்டினாலும் சிரித்துக்கொண்டே நின்ற என் அத்தானுக்கு,

நீங்கள் போன பிறகு வந்த முதல் ஆயுத பூஜையும் முடிந்துவிட்டது. உங்கள் லாரியை நான் இன்னும் விற்கவில்லை. விற்றுவிடு என்று உங்கள் மாமா, அதுதான் என் அப்பா, வாரம் ஒரு இன்லண்டு லெட்டர் போடுகிறார். என் தம்பி முருகன்தான் ஓட்டுகிறான். திருநெல்வேலியில் வெங்காயம் ஏற்றி, இங்கே சாலைக் கடைத்தெருவில் இறக்குகிறான். உங்களைப் போலவே வழியில் தோவாளையில் நிறுத்திப் பிச்சிப்பூவும் வாங்குகிறான், வண்டியின் முகப்புக்கு. என் தலைக்குத்தான் இனி வேண்டாமே.

பூஜைக்கு வருஷா வருஷம் நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? லோடு இறக்கியதும் வண்டியைக் கழுவக் கரமனை ஆற்றுக்குக் கொண்டுபோவீர்கள். போன கையோடு கழுவ வேண்டியதுதானே? கரையில் நிறுத்திவிட்டு, சாயாவும் பத்திரிகையுமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுவீர்கள். பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்க வேண்டிய தேங்காயோடு நான் வாசலில் காய்ந்துகொண்டிருப்பேன். ஏன் தாமதம் என்றால், "வண்டி ஆறட்டும் கோமு" என்பதோடு சரி. சோம்பேறிக்குச் சாக்குக்கா பஞ்சம் என்று முணுமுணுப்பேன்.

இந்த வருஷம் முருகனும் அதே பாட்டைத் தொடங்கினான். "அக்கா, வண்டி நல்லா கொதிச்சுக் கெடக்கு. ஒரு சாயா குடிச்சிட்டுக் கழுவுதேன்."

"நீயும் ஒங்க அத்தான மாதிரி ஆரம்பிச்சிட்டியால? நேரா ஆத்துல எறக்கு!"

பாவம், பின்சக்கரம் பாதி முங்கும்படி இறக்கினான். முதல் தடவையாக நேரத்துக்குப் பழவங்காடி போய்ச் சேர்ந்தோம். எனக்கு ஒரே பெருமை.

நாலே நாளில் வண்டியின் பின்பக்கம் ஊளையிட ஆரம்பித்தது. தங்கப்பன் மேஸ்திரியின் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பின்சக்கரங்களின் அச்சான ஆக்சிலின் மூடியைத் திருகி, உள்ளே விரலை விட்டு எடுத்தார். கறுப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் பால் சாயா நிறத்தில் வந்தது. ஒரு தகரத்தை அடுப்பில் சூடாக்கி அதில் இரண்டு சொட்டு விட்டார். படபடவென்று வெடித்தது. ஈர வாணலியில் எண்ணெய் ஊற்றினால் கேட்கும் அதே சத்தம். எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று எனக்கே தெரிந்துவிட்டது.

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதக் கை கூசுகிறது. "அவிய இருக்கும்போதே ஓட்டை விழுந்திருக்கும். ஒழுங்கா கவனிச்சிருக்க மாட்டாவ." போனவர் எழுந்துவந்து மறுத்துப் பேசவா போகிறார் என்ற தைரியம்.

மேஸ்திரி பேரிங்கைக் கழற்றித் துடைத்து என் முன்னால் நீட்டினார். "பழைய துரு ஒண்ணும் இல்ல, பாத்தீங்களா? தண்ணி இப்பம் உள்ள கேறினதாக்கும். சூட்டோட ஆத்துல எறக்கினீங்களோ?"

தலையாட்டினேன்.

"சூடான செம்பக் கவுத்துத் தண்ணியில வச்சா, ஆறுதப்போ தண்ணிய உள்ள இழுக்கும்லா? ஆக்சிலும் அதுபோலத்தான். ஒங்க ஆளு அந்தத் தப்ப ஒருநாளும் செஞ்சதில்ல, கேட்டோ."

பட்டறை என்றும் பாராமல் அழுதுவிட்டேன் அத்தான். முருகன் என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

நல்லவேளை, பேரிங் தப்பித்தது. உள்ளே கழுவிப் புது எண்ணெய் ஊற்றினார்கள், ஊளையும் நின்றுவிட்டது. வண்டியை விற்கமாட்டேன் என்று அப்பாவுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கரையில் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து என்ன நினைத்துக்கொண்டிருப்பீர்கள்? பதினொரு வருஷத்தில் ஒருநாளாவது நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாதா? கூட வா என்று நீங்களாவது ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா?

அடுத்த பூஜைக்கு நானே கரமனைக்கு வருவேன். ஆக்சிலில் கை வைத்துப் பார்ப்பேன், சூடு போகும் வரை வண்டியைத் தண்ணீரில் இறக்க விடமாட்டேன். பிள்ளையார் காத்திருக்கட்டும், அவருக்கென்ன அவசரம். நீங்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு சாயா வாங்கிவைப்பேன். ஆறிப்போவதற்குள் வரப் பாருங்கள்.

உங்கள் மாமன் மகள்,
கோமதி