பச்சை வாளி

12-1-1976, திங்கள்
நான்கு மாதமாக வராதது இன்று காலையில் வந்துவிட்டது. மாமியார் தலையில் அடித்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள். "நாலாவதும் போச்சே! ஏளா, உனக்கு இருக்கது வயிறா, சுடுகாடா?" ஒவ்வொரு முறை தள்ளிப்போகும்போதும் திருச்செந்தூர் போய் மரத்தொட்டில் கட்டுவாள், தெருவெல்லாம் சொல்லுவாள், குடத்தைத் தொட விடமாட்டாள். வந்துவிட்டால் நான் கொலைகாரி. அவர் தோணிக்குச் சாமான் ஏற்ற வேண்டுமென்று கடைக்குப் போய்விட்டார். நாலுக்கும் சேர்த்து அழுதேன்.

15-1-1976
பொங்கலன்றும் பின்கட்டில் தனிப் பாய். தாடையில் மறுபடி முடி. அவருடைய சவரக் கண்ணாடியில் பார்த்துப் பிடுங்கினேன். "இனி மீசைய முறுக்கு" என்றாள் மாமியார். சாகலாம் போல இருக்கிறது. நான் ஏன் சாக வேண்டும்?

23-1-1976, வெள்ளி
உடன்குடியிலிருந்து அண்ணன் வந்து, எங்கள் இருவரையும் பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போனான். டாக்டரம்மா பெயர் ஜெபசெல்வி. சடங்கான நாளிலிருந்தே இப்படித்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தாடையைப் பார்த்தார், உள்ளே சோதித்தார். சினைப்பை இரண்டும் வீங்கி, தோல் தடித்து, உள்ளே சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்களாம். முட்டை வெளியே வருவதேயில்லை. நாள் தள்ளுவதும் முடி முளைப்பதும் அதனால்தானாம்.

"ஒன்னும் கலையலைம்மா. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஒன்னுகூட உண்டாகவே இல்லை."

அப்படியானால் நான் யாருக்கு அழுதேன்? பஸ்ஸில் சிரிப்பு சிரிப்பாக வந்தது. அண்ணன் பயந்துபோனான்.

2-2-1976
சினைப்பை இரண்டிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி எடுத்தால் முட்டை வரலாமாம். வரலாம் — அவ்வளவுதான். அவர் சம்மதக் கையெழுத்துப் போட்டார். "அம்மாகிட்ட குடல்வால் ஆபரேஷன்னு சொல்லிருவோம். பிள்ளையே உண்டாகலைன்னு தெரிஞ்சா தெருவுல எப்படி முழிப்பா?" அவள் முழிப்பதுதான் இவருக்குக் கவலை.

20-2-1976, வெள்ளி
ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. தையலில் தண்ணீர் படாமல் மொண்டு குளிக்க, அண்ணன் பச்சை பிளாஸ்டிக் வாளி ஒன்று வாங்கித் தந்திருந்தான். அதுதான் வினை. துறைமுகத்துப் பக்கம் நடக்கிற குடும்பக் கட்டுப்பாட்டு முகாமில் அறுத்துக்கொள்கிறவர்களுக்கு இதே வாளியைத்தான் கொடுக்கிறார்களாம். அடுத்த வீட்டு ஆறுமுகத்தாய் வாளியைப் பார்த்தாள். பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

மாமியார் சேலையை விலக்கித் தழும்பைப் பார்த்தாள். "குடல்வால் இங்கனயா இருக்கு? பாவி, வாளிக்கு ஆசைப்பட்டு என் குலத்தை அறுத்திட்டியே!"

பிள்ளை உண்டாகத்தான் அறுத்தது என்று கத்தினேன். நம்பவில்லை. அவரைப் பார்த்தேன். கூட வந்து கையெழுத்துப் போட்ட மனுஷன், காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

8-4-1976
நாள் தவறாமல் வந்துவிட்டது. இந்த வீட்டில் இதைச் சொல்ல ஆளில்லை.

6-5-1976
வந்தது.

30-5-1976, ஞாயிறு
திருச்செந்தூரில் லாட்ஜ் வைத்திருக்கும் அவருடைய மாமா மகள் அருணாசலவடிவை அவருக்குப் பேசி முடித்துவிட்டார்கள். ஆவணியில் கல்யாணம். "நீயும் இங்கனயே இருந்துக்கோ. யாரு உன்னை விரட்டுதா?" என்கிறார். என்ன தாராளம்!

9-7-1976, வெள்ளி
இரண்டு மாதமாக வரவில்லை. வாயைத் திறக்கவில்லை நான். அண்ணனோடு பாளையங்கோட்டை போனேன். மூத்திரம் சோதித்து, டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது நிஜம்மா."

10-7-1976
சொன்னேன். மாமியார் எழுந்திருக்கக்கூட இல்லை. "நாலு தடவை நம்பித் தொட்டில் கட்டுனேன். அறுத்த வயித்துல எங்கேருந்துளா வரும்? கல்யாணத்தைக் கெடுக்க நாடகம் போடுதா." அவர் — "அம்மா சொல்லுததும் சரியாத்தானே இருக்கு" என்றார். அறுத்தால் பிள்ளை உண்டாகலாம் என்று அன்றைக்கு டாக்டரம்மா சொன்னது அவர் காதிலும்தானே விழுந்தது! கோழை. த்தூ.

பெட்டியும் வாளியுமாக உடன்குடி வந்துவிட்டேன்.

9-9-1976, வியாழன்
இன்று திருச்செந்தூரில் தாலி கட்டியிருப்பார். மத்தியானம் வயிற்றுக்குள் ஏதோ லேசாகத் துள்ளியது. யாருக்கும் சொல்லவில்லை.

6-3-1977, ஞாயிறு
மகளுக்கு இப்போதுதான் முகம் தெளிந்திருக்கிறது. இன்று மாமியார் வந்தாள், கையில் புதுத் தொட்டில். பின்னால் அவர்.

"எம் மவன் மூக்கை அப்படியே உரிச்சு வச்சிருக்கு" என்று அழுதாள். "கெளம்புளா, நம்ம வீட்டுக்குப் போவோம். அவ பாட்டுக்கு அவ ஒரு பக்கம் இருந்துக்கிடுவா."

அங்கே இருக்கிற அருணாசலவடிவை நினைத்துக்கொண்டேன். அவளுக்கு எப்போது இந்த வசவு ஆரம்பிக்குமோ.

பிள்ளையைக் குளிப்பாட்டும் நேரம். பச்சை வாளியை இழுத்து வைத்து வெந்நீர் விளாவினேன். மாமியார் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சர்க்கார் குடுத்த வாளி அத்தே. உங்க குலத்துப் பிள்ளைய இதுலயா குளிப்பாட்டுவிய?"

அவர்தான் வாயைத் திறந்தார். "முத்துக்கனி... நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

ஆமாம், சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. பிள்ளையைக் காலில் போட்டுக்கொண்டேன்.

"போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க. பிள்ளைக்குக் காத்து ஆவாது" என்றேன்.