நோட்டன் பிரிட்ஜில் ஒயில் மாற்றியவனுக்கு

என் தம்பி குமாருக்கு,

நீ போன பிறகு உன்னோடு பேச எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. உன் படத்துக்கு முன்னால் நான் நின்றாலே அம்மா அழ ஆரம்பித்துவிடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் படித்தாலும் பரவாயில்லை. படிக்கிறவர்களில் யாருக்காவது இது புரிந்தால் எனக்கும் சொல்லட்டும்.

உன் பைக்கை நான் ஓட்ட எடுத்துவிட்டேன். வயரிங் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் நீ, ஆஸ்பத்திரிக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. வண்டியை மட்டும் யாரோ கொண்டுவந்து நம் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் விட்டார்கள். தார்ப்பாய் போட்டு மூடினோம். "வித்துரு சாந்தி, பார்க்கப் பார்க்க வயிறு எரியுது" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு மனம் வரவில்லை. டயகமவில் பஸ் வருகிற லட்சணம் உனக்குத் தெரியும், நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பாதி நாட்கள் நடந்துதான் போகிறேன். அடம்பிடித்து என்னை லைசன் எடுக்க வைத்தவனும் நீதானே.

பழைய வண்டி, மாதக்கணக்கில் நின்ற வண்டி, முதலில் எஞ்சின் ஒயிலைப் பார் என்று எல்லாரும் சொன்னார்கள். எப்படிப் பார்ப்பது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நீ செய்வதைப் பார்த்த ஞாபகத்தில் பக்க ஸ்டாண்டில் சாய்த்து வைத்து, கறுப்பு மூடியைத் திருகி, குச்சியை எடுத்துத் துடைத்து, விட்டுப் பார்த்தேன். நுனிகூட நனையவில்லை. பயந்துபோய்க் கடையில் ஒரு டின் ஒயில் வாங்கி ஊற்றினேன். மறுபடி பார்த்தேன், அப்போதும் குச்சியில் ஒட்டவில்லை. இன்னும் ஊற்றினேன். இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்தபோது பின்னாலிருந்து வந்த வெள்ளைப் புகையில் லயத்துச் சனம் முழுக்க வெளியே வந்துவிட்டது.

அக்கரப்பத்தனையில் பைக் பழுது பார்க்கிற மணியிடம் தள்ளிக்கொண்டு போனேன்.

"சாய்ச்சு வச்சா எண்ணெய் அந்தப் பக்கம் ஓடிரும் டீச்சர். சமதரையில நிமிர்த்தி வச்சுப் பார்க்கணும்."

நம் லயத்து வாசலில் சமதரைக்கு நான் எங்கே போவேன்? மணி சிரித்துக்கொண்டே கூடுதல் எண்ணெயை இறக்கிவிட்டார். இது பழசும் புதுசும் கலந்த எண்ணெய், சீக்கிரமே முழுசாக மாற்றிவிட வேண்டும் என்றார். தம்பியின் வண்டிக்கு எப்போதும் என்ன ஒயில் போடுவீர்கள் என்று கேட்டேன்.

"எங்கிட்ட அவன் ஒயில் மாத்துனதே இல்லையே. பிரேக்கு, செயினுன்னா இங்க வருவான். ஒயில் மாத்த மட்டும் நோட்டன் பிரிட்ஜுக்குப் போவான். நானும் எத்தனையோ தடவ கேட்டுப் பார்த்துட்டேன்."

"அக்கா, ஒயில் மாத்திட்டு வர்றேன்" என்று நீ ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்புவாய். இருட்டும்போது திரும்புவாய். ஒரு ஒயில் மாற்ற ஒரு நாள் முழுக்க ஆகுமா என்று நானோ அம்மாவோ ஒருநாளும் கேட்டதில்லை. ஹட்டனையும் தாண்டி இவ்வளவு தூரம் எதற்குப் போனாய்? அந்தப் பக்கம் மின்சார நிலையத்துக் குவார்ட்டஸில் கொஞ்ச காலம் வேலை செய்தாய், அது தெரியும். அதற்குப் பிறகும் ஏன் போனாய்?

மணி மாற்றித் தருவதாகச் சொன்னதை வேண்டாம் என்றுவிட்டு, சனிக்கிழமை காலையில் நானே ஓட்டிக்கொண்டு போனேன். வளைவுகளில் லொறிக்காரர்கள் எல்லாரும் என்னைத் திட்டியிருப்பார்கள். போய்ச் சேர்ந்தபோது முழங்கை இரண்டும் மரத்துப் போயிருந்தன.

விசாரித்து அந்தக் கடையைக் கண்டுபிடித்தேன். தகரக் கூரை, சிமெந்துத் தரை, வாசலில் டயர்கள். நான் நிறுத்துவதற்கு முன்பே, வண்டிச் சத்தத்துக்கு ஒரு பெண் கையைத் துணியில் துடைத்தபடி ஓடிவந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். முகமெல்லாம் சிரிப்பு. ஹெல்மெட்டைக் கழற்றி நான் இறங்கியதும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"குமார் வரல்லியா?" என்று கேட்டாள். சிங்களப் பெண் என்பது பேச்சில் தெரிந்தது.

"நான் அவனோட அக்கா. தம்பி இல்லம்மா" என்றேன்.

"எங்க போனாரு?"

நீ வீட்டில் இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். 'இல்லை' என்ற சொல்லை வேறு எப்படிச் சொல்வது? மரணச் சான்றிதழுக்கு அலைந்தபோது பதிவாளர் கந்தோரில் சொல்லிச் சொல்லிப் பழகிய சிங்களத்தில் சொன்னேன். "மல்லி நெத்திவுணா." தம்பி இறந்துவிட்டான் என்று.

அவள் அழவில்லை, தம்பி. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது புரிந்திருக்கும். உள்ளே போய் ஒரு தட்டத்தை எடுத்துவந்து, வண்டியை நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி, எஞ்சினுக்கு அடியில் வைத்தாள். குந்தி உட்கார்ந்து அடியில் இருந்த போல்ட்டைக் கழற்றினாள். கறுத்த எண்ணெய் சூடாக இறங்கியது. அது சொட்டுச் சொட்டாக ஆகும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவள் பெயர் நிலந்தி. அப்பாவுக்கு முதுகு முடியாமல் போனதிலிருந்து கடையை அவள்தான் பார்க்கிறாளாம். அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

"போன் எடுத்தேன் அக்கே. எப்பவும் ஓஃப். கோவம்னு நெனச்சேன். நான் என்ன செஞ்சேன்னு நெனச்சு நெனச்சுப் பார்த்தேன்."

உன் போனை அணைத்து அம்மாவின் சேலைகளுக்கு நடுவே வைத்தவள் நான். யார் தேடப்போகிறார்கள் என்றுதான் வைத்தேன்.

"இவ்வளவு கறுப்பு எண்ணெய் இந்த வண்டியில நான் கண்டதே இல்ல" என்றாள். "குமார் கொண்டு வர்றப்ப எண்ணெய் தேன் மாதிரி இருக்கும். மாத்தத் தேவையில்லன்னு சொல்வேன். மலைப் பாதை, மாத்தணும்னு சொல்வாரு. நல்ல எண்ணெய நான் கீழ ஊத்துவேன்."

"தேவையில்லன்னு தெரிஞ்சும் ஏன் மாத்துனீங்க?"

நிலந்தி போல்ட்டுக்குப் புது வாசரைத் தேடுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மாத்தலன்னா அவர் உடனே போயிருவாரே" என்றாள்.

அதற்கு மேல் நான் என்ன கேட்பது? கேட்டேன், குமார். என் தம்பி உங்களிடம் ஏதாவது சொன்னானா என்று கேட்டேன். "அக்காவக் கூட்டிட்டு வர்றேன்னு சொன்னாரு" என்றாள். எதற்கு என்று சொன்னானா என்றேன். "சொல்லல்ல. நானும் கேக்கல்ல."

புது எண்ணெயை என்னையே ஊற்றச் சொன்னாள். ஸ்டார்ட் செய்து, நிறுத்தி, எண்ணெய் அடியில் இறங்கட்டும் என்று காத்திருந்து, குச்சியைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவே பளபளவென்று நின்றது. "சரியா?" என்றேன். தலையை ஆட்டிவிட்டு, கறுத்த எண்ணெய்த் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். திரும்பி வர வெகு நேரம் ஆனது. கண்கள் சிவந்திருந்தன.

அன்றிலிருந்து எனக்கு ஒரே குழப்பம். அவளைக் கட்டிக்கொள்ள நினைத்தாயா? இல்லை, ஒருத்தி உன் வண்டிச் சத்தத்தைக் கேட்டதும் ஓடிவருகிறாள் என்பதே உனக்குப் போதுமாக இருந்ததா? எங்களிடம் ஏன் சொல்லவில்லை? சிங்களப் பெண் என்பதாலா? எனக்கு ஆகாத கல்யாணம் உனக்கு ஆகக்கூடாது என்று நினைத்தாயா? எனக்குக் கோபம் வருகிறது. உடனே, உனக்கு அப்படி ஒரு இடமாவது இருந்ததே என்று சந்தோசமாகவும் இருக்கிறது. எது சரி என்று தெரியவில்லை. அழுகிறவள் நமக்கு என்ன உறவு முறை என்றுகூடத் தெரியாமல் நான் எப்படி ஆறுதல் சொல்வது?

உன் படத்தைப் பார்க்க வரலாமா என்று போனில் கேட்டாள். வரச் சொல்லிவிட்டேன். அடுத்த போயா தினத்துக்கு, பௌர்ணமி விடுமுறைக்கு, வருகிறாள்.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யாரு அது?"

"குமாருக்குத் தெரிஞ்சவங்க. நோட்டன் பிரிட்ஜ்."

"பொம்பளப் புள்ளையா?"

"ஆமா. சிங்களப் புள்ள."

அம்மாவின் கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை. கீரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது கேட்பாள் என்று பயந்துகொண்டு நின்றேன். கடைசியில், "வெறும் மரக்கறிய வச்சு எப்படிச் சோறு போடுறது. கருவாடு வாங்கிட்டு வா" என்றாள். அவளுக்கு ஏதாவது புரிந்ததா? அதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன். அவள் வரும்போது வாசல் நாற்காலியில் உட்காரவைத்து அனுப்ப மாட்டேன். உள்ளே கூட்டிப்போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரவைப்பேன். அக்கம்பக்கத்தில் யார் என்று கேட்டால், பைக் திருத்துகிறவள் என்று சொல்ல மாட்டேன். என் தம்பியைத் தேடி வந்தவள் என்று சொல்வேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாததை நான் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாமல் போய்விட்டாய். ஆனால் அவளுக்கு இந்த வீட்டில் ஒரு இடம் உண்டு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ கூட்டிப்போகாமலே அங்கே போய்வந்த,
உன் அக்கா
சாந்தி