அந்த ரெங்கம் படத்தை எடுத்தவள்

இன்று காலை தொழிற்சாலைப் பேருந்தில், முன் இருக்கையில் இருந்த பெண் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டாள். மூடிய சன்னல்களுக்குள் அந்த வாசம் பரவியதும் உன் கார் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. பாசிர் கூடாங் வந்து இறங்கும்வரை வேறெதையும் நினைக்க முடியவில்லை. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நாம் பேச்சை நிறுத்தி அதற்கும் முன்னால் இரண்டு வருடம்.

நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மின்சுற்றுப் பலகைகளைச் சோதித்தவர்கள். பூதக்கண்ணாடிக்குக் கீழே நாள் முழுக்கப் பச்சைப் பலகை. "கண்ணுக்குத் தூரமா எதையாவது பாக்கணும் லா. இல்லேன்னா கண்ணு போயிரும்" என்று சொல்லித்தான் அந்தப் பழைய கேமராவை வாங்கினாய். மலையையும் வானத்தையும் எடுக்கலாம் என்றாய். இருவருக்கும் ஒன்றும் தெரியாது. கேண்டீனில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு, கைப்பேசியில் பாடங்கள் பார்த்தோம். எண் கூடினால் லென்ஸின் துளை ஏன் சிறிதாகிறது என்பது எனக்கு விளங்கவே இல்லை. நீ டிஷ்யூ தாளில் வட்டம் வட்டமாக வரைந்து காட்டினாய். குளுவாங் மலையை முதன்முதலில் எடுத்த அன்று, படத்தில் மலை மட்டும் கறுப்பாக நின்றது. மேலே வெறும் வெள்ளை.

"அலமாக், வானம் எங்க போச்சு?" என்று நீ கத்தியதில், பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த சீனக் கிழவர் நின்று நம்மைப் பார்த்தார்.

நாற்பத்து மூன்று வயதில் எனக்கு அப்படி ஒரு சிரிப்பு வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

ரெங்கம் தோட்டத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடித்தது நீதான், மறுக்கவில்லை. எண்ணெய் எடுக்கும் பழைய செம்பனை மரங்களைச் சாய்த்துவிட்டு மறு நடவுக்காகக் குன்று முழுவதும் படிப்படியாக வெட்டியிருந்தார்கள். விடியலில் பனி அந்தப் படிகளில் மட்டும் தங்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு வந்தாய். அன்று நீ இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தாய். சளி வேறு. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு, கார் இருக்கையைச் சாய்த்தாய். "நீ மேல போ. வெளிச்சம் வந்தா என்னைக் கூப்புடு" என்றாய்.

வெளிச்சம் வந்தது. மண் சிவப்பாக எரிந்தது, படிகள் வெள்ளைக் கோடுகளாக வளைந்து இறங்கின. கூப்பிட நேரம் இருந்தது. நான் கூப்பிடவில்லை. ஒரு முறையாவது ஒன்று என்னுடையதாக மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். இறங்கி வந்து படத்தைக் காட்டியபோது நீ வெகுநேரம் அதையே பார்த்தாய். "எழுப்பியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டாய்.

நான்கு மாதம் கழித்து என்னை ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடிக்கு அழைத்தாய். "நல்லா உடுத்திக்கிட்டு வா, ஒன்னு காட்டணும்." அங்கே புகைப்படப் போட்டிக் கண்காட்சி. சுவரில் என் படம். பரிசு நாடா தொங்கியது. கீழே உன் பெயர்.

"இது நான் எடுத்தது" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

உன் முகம் சுருங்கியது. "கேமரா என்னோடது. எடம் நான் கண்டுபுடிச்சது. ராத்திரியெல்லாம் உக்காந்து கலர் சரி பண்ணுனது நானு. நீ பட்டன அமுக்குன, அவ்வளவுதானே?"

நான் அப்படியே திரும்பி நடந்தேன். மறுவாரம் தொழிற்சாலையில் வேறு வரிசைக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டேன். எதிரே வந்தால் நீயும் தலையைக் குனிந்துகொண்டாய்.

உனக்கு மார்பில் கட்டி என்று மற்றவர்கள் பேசித்தான் எனக்குத் தெரியும். ஒருநாள் கேண்டீனில் நீயே வந்து என் எதிரில் உட்கார்ந்தாய். தலையில் துணி கட்டியிருந்தாய். மணிக்கட்டு அவ்வளவு மெலிந்திருந்தது.

"சனிக்கிழமை ரெங்கம் போலாமா? என்னால கார் ஓட்ட முடியல."

"எனக்கு ஷிப்ட் இருக்கு."

இல்லை. எனக்கு அன்று விடுமுறை. அது உனக்கும் தெரியும். அட்டவணை நம் தலைக்கு மேலேதான் ஒட்டியிருந்தது. நீ அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சரி லா" என்று எழுந்து போனாய். நான் எஞ்சிய சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். என்னைப் பற்றி எனக்கு அருவருப்பாக இருப்பது அந்தச் சோற்றுக்காகத்தான்.

உன் சாவுக்கு வந்தேன். கூடத்தில் அந்த ரெங்கம் படம், சட்டம் போட்டு, பெரிதாக. உன் கணவர் அதன் அருகில் என்னை அழைத்துப் போனார். அழுது அழுது அவர் குரல் கட்டியிருந்தது.

"கடைசி வரைக்கும் இதப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தா. அன்னிக்கு நீங்க கார்ல தூங்கிட்டீங்களாம்ல? உங்கள எழுப்பாம விட்டுட்டேன்னு அவளுக்கு ரொம்ப வருத்தம்."

கதையைத் தலைகீழாக்கியிருக்கிறாய். சாகப் போகிற நேரத்திலும். பொய் என்று தெரிந்தே சொன்னாயா, சொல்லிச் சொல்லி நீயே நம்பிவிட்டாயா? இனி யாரிடம் கேட்பது? அவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"ஆமாண்ணே, தூங்கிட்டேன்" என்றேன்.

அது மன்னிப்பு இல்லை. அந்த வீட்டில் அந்த நேரத்தில் வேறு வார்த்தை வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது எனக்கென்று கேமரா இருக்கிறது. ரெங்கத்தில் படிகள் மூடிவிட்டன. செம்பனைக் கன்றுகள் ஆளுயரம் வளர்ந்துவிட்டன. இனி யாராலும் அந்தப் படத்தை எடுக்க முடியாது. வேறு குன்றுகளுக்குத் தனியாகப் போகிறேன். சூரியன் வந்ததும் மற்றவர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள். நான் மேலும் பத்து நிமிடம் நிற்பேன், நீ நிற்பது போல. நல்ல படம் பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் கிடைக்கிறது.

போன வாரம் அப்படி நின்றபோது ஓர் இளம்பெண் என் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

"யாருகிட்டயும் இல்ல. நானாவே கத்துக்கிட்டேன்" என்றேன்.