என்னோடு போடாத சண்டை

யேசு, மரி, சூசை காவல்.

வில், சுவிஸ்
20.11.2016

அன்புத் தங்கச்சி எலேனாவுக்கு,

அக்கா யூலியானா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் நோபேட் அத்தானும் சுகம். நீயும் ஸ்ரான்லியும் பிள்ளை கிருசிகாவும் லண்டனில் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் மன்றாடுகிறேன். கையில் போன் இருக்கும்போது அக்காவுக்கு ஏன் கடிதம் என்று சிரிப்பாய். போனில் நீ "சாப்பிட்டீங்களோ, அங்க குளிரோ" என்று மரியாதையாகக் கேட்டு முடித்ததும் சொல்ல வந்ததைச் சொல்லாமலே நானும் போனை வைத்துவிடுகிறேன். அதனால்தான் பூசை முடிந்து வந்ததும் பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன்.

இங்கே மூன்று கிழமையாக மூடுபனி. வெயிலைக் காணவில்லை. அத்தானுக்கு முழங்கால் நோவு கூடிவிட்டது. தொழிற்சாலையில் நின்று செய்யும் வேலையை விட்டு இருந்து செய்யும் வேலைக்கு மாற்றித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார். நீ அனுப்பிய மருந்தைப் பூசுகிறார், ஆனால் மணம் சரியில்லை என்று குறை சொல்கிறார்.

போன கிழமை நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். பவதாரணி நாலு மாதமாக உன் வீட்டுப் பக்கம் வருவதில்லை, கடையில் கண்டாலும் மற்றப் பக்கம் திரும்பிவிடுகிறாள், "நீங்கள் அவளோடு பத்து வருஷம் வேலை செய்தனீங்கள்தானே, ஒருக்கால் கதைச்சு விடுங்கோ அக்கா" என்று எழுதியிருந்தாய். உனக்கு அவளில்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறதாம்.

எலேனா, எனக்குப் பவதாரணி மேல் பொறாமை. வயது ஐம்பத்திரண்டாகியும் இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான்.

அவளை உனக்குத் தந்ததே நான்தான். இங்கே முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் நானும் அவளும் பத்து வருஷம் கட்டில் விரிப்புகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடித்தவர்கள். அவளுக்குச் சுவிஸ் பாஸ்போட் கிடைத்ததும், பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்கட்டும் என்று குடும்பத்தோடு லண்டனுக்கு வெளிக்கிட்டாள். ஐரோப்பிய ஒன்றியத்தோடு சுவிஸ் செய்த ஒப்பந்தத்தால், சுவிஸ் பாஸ்போட் இருந்தால் அங்கே போய் இருக்கவும் வேலை செய்யவும் ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. புது இடம், ஆள் தெரியாது என்று பயந்தவளுக்கு, என் தங்கச்சி இருக்கிறாள் என்று உன் நம்பரைக் கொடுத்தேன். அவள் உன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடெடுத்தாள். அதற்குப் பிறகு என்னுடைய நம்பர் இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது.

கிருசிகா கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளுக்கு, வங்கிக் கடிதம், வேலைக் கடிதம் என்று எல்லாம் கட்டிக்கொடுத்து ஐந்து நாளுக்கு விசா எடுத்து வந்தேனே, ஞாபகமோ? உன் குசினியில் தேத்தண்ணி ஊற்றப் போய், சீனி எங்கே என்று கேட்டேன். நீ பதில் சொல்ல முதல், பவதாரணி திரும்பிக்கூடப் பாராமல் மேல் தட்டில் கைவிட்டு எடுத்துத் தந்தாள். விருந்தாளிக்குத் தருவதைப் போல. அந்தத் தேத்தண்ணியை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

பிறகு ஆனி மாதம் உங்கள் வாக்கெடுப்பு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டுமென்று நீ வாக்குப் போட்டாய். அதை நீ எனக்குச் சொல்லவில்லை. ஆடியில் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் நீயும் பவதாரணியும் மோதிக்கொண்ட வீடியோ வட்ஸப்பில் சுற்றி என்னிடம் வந்தபோதுதான் தெரியும். இப்போது சொல்கிறேன், அதை நான் இருபது தரமாவது பார்த்திருப்பேன்.

வகுப்பில் இடமில்லை என்று யாரோ சொல்லத் தொடங்கியது எங்கேயோ போய் முடிந்தது. நீ மைக்கை வாங்கி, "ஐரோப்பாவில இருந்து பாஸ்போட்டோட வந்து இறங்கிற ஆக்களாலதான் எங்கட பிள்ளையளுக்கு ஒண்டும் மிஞ்சேல்லை, அதுதான் வெளியேறச் சொல்லி வாக்குப் போட்டனான்" என்றாய். பவதாரணி எழும்பி, "அப்ப நான் பெட்டியைக் கட்டவோ?" என்று கேட்டாள். நீ வாயை மூடு என்றாய். அவள் உன்னைச் சுயநலக்காரி என்றாள். நாலு கதிரைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சனம் இரண்டாகப் பிரிந்து கத்துகிறது. உங்கள் இருவர் கண்ணிலும் தண்ணீர்.

முதலில் எனக்குச் சந்தோசம். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, நல்ல சந்தோசம். அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆறு பேருக்கு அனுப்பியும் வைத்தேன். பிறகு திரும்பத் திரும்பப் பார்க்க, வயிறு எரியத் தொடங்கிவிட்டது. நீ என்னை வாயை மூடு என்று கடைசியாகச் சொன்னது, நான் சுவிசுக்கு வெளிக்கிட்ட கிழமை, உன்னுடைய செருப்பைக் கேளாமல் போட்டதற்கு. இருபத்தைந்து வருஷமாகிறது. அவளோடு அழுது அழுது சண்டை பிடிக்கிறாய். என்னோடு காலநிலை கதைக்கிறாய்.

இங்கே வருகிற ஞாயிறும் ஒரு வாக்கெடுப்பு, அணு மின் நிலையங்களை முன்கூட்டியே மூடுவதா இல்லையா என்று. என்னோடு சலவைப் பகுதியில் வேலை செய்கிற ரூத் மூட வேண்டும் என்கிறாள், மார்கிரித் கூடாது என்கிறாள். இரண்டு பேரும் ஒரே விரிப்பின் இரண்டு பக்கத்தையும் பிடித்து இழுத்து மடித்தபடி ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சண்டை. ஒன்பது மணி இடைவேளைக்கு ஒருத்தி கொண்டுவந்த கேக்கை மற்றவள் சாப்பிடுகிறாள். வாக்குரிமை இல்லாத நான் நடுவில் நின்று தலையணை உறை அடுக்குகிறேன். என் அபிப்பிராயத்தை ஒருத்தியும் கேட்பதில்லை. உன் வீடியோவைப் பார்க்கும்போதும் எனக்கு அதே இடம்தான்.

இனித்தான் சொல்ல வேண்டியது. கூட்டம் முடிந்த மூன்றாம் நாள் பவதாரணி எனக்குப் போன் எடுத்தாள். நல்லா அழுதாள். உன் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்கப் போகிறாளாம், நீ கதவைத் திறப்பாயோ என்று கேட்டாள். நான், "இப்ப போகாதை. உன்ர முகத்தில முழிக்கவே மாட்டன் எண்டு எலேனா எனக்குச் சொன்னவள்" என்றேன். நீ அப்படி எனக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தக் கிழமை நீ போன் எடுத்ததே அத்தானின் முழங்காலை விசாரிக்கத்தான். பொய் என் வாயில் தானாக வந்தது, வந்த பிறகு அதைத் திருப்பி எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் நாலு மாதமாக உன்னைக் கண்டு ஒதுங்குவது கோபத்தில் அல்ல, வெட்கத்தில். அதற்குக் காரணம் நான்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். அந்த வீடியோவின் கடைசியில் பவதாரணி உன்னிடம், "உன்ர சொந்த அக்கா வந்தாலும் உப்பிடித்தான் சொல்லுவியோ?" என்று கேட்கிறாள். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அக்கா வரமாட்டா. அவவுக்குச் சுவிஸ்தான் சொர்க்கம்" என்றாய்.

எலேனா, நானும் அத்தானும் போன மாசியில் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டோம். பாஸ்போட் கையில் வந்ததும் லண்டனுக்கு வந்து உனக்குப் பக்கத்தில் இருப்பது என்று முடிவு. உனக்குச் சொல்லவில்லை. பவதாரணிக்குப் பின்னால் வரிசையில் வருகிறாள் என்று யாரும் நினைக்கக் கூடாது என்ற என் திமிர்தான். உன்னுடைய வாக்கு என் வழியையும் சேர்த்து அடைக்கும் என்று உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதில் எனக்குக் கோபமும் இல்லை. நான் வர விரும்புவேனோ என்று நீ ஒரு தரமாவது கேட்டிருக்கலாம்.

இன்று பூசைக்குப் போக முதல் பவதாரணிக்குப் போன் எடுத்து உள்ளதைச் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். பிறகு, "நீயும் ஒரு மனிசியோ" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். இந்தக் கடிதம் கிடைக்க முதலே அவள் உன் வாசலில் நிற்பாள். இருவரும் குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு என்னைக் கிழிப்பீர்கள். அதை நினைத்தாலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய?

ஒன்று மட்டும் கேட்கிறேன். என்னைத் திட்டுவதை அவளிடமே திட்டி முடித்துவிடாதே. போனை எடு. சுகம் விசாரியாமல், குளிரைக் கேளாமல் நேரே தொடங்கு. எவ்வளவு நேரமானாலும் நான் வைக்க மாட்டேன்.

பிரஜாவுரிமை நேர்முகத்துக்கு வருகிற மாசியில் கூப்பிடுவார்கள். இனிப் போய் என்ன பிரயோசனம், விடுவோமோ என்று அத்தான் கேட்கிறார். லண்டனில் இருந்து ஒரு போன் வரட்டும், பிறகு சொல்கிறேன் என்று அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

கிருசிகாவின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடு. மாதா உங்கள் மூவரையும் காப்பாற்றுவாராக.

உன் திட்டுக்குக் காத்திருக்கும்
அக்கா
யூலியானா