முகடு உயரவில்லை

அன்புள்ள உங்களுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் மாமாவும் நலம். என் மூன்று மின்னஞ்சல்களுக்கும் உங்களிடமிருந்து பதில் வரவில்லை. கையால் எழுதினால் பிரித்தாவது பார்ப்பீர்கள் என்று தபாலில் அனுப்புகிறேன்.

மாமாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் உங்கள் படம் வந்த பத்திரிகைத் துண்டைத்தான் முதலில் கேட்டு வாங்கினார். பிள்ளை இளைத்துவிட்டான் என்றார். எனக்கு அப்படித் தெரியவில்லை. சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகியது. வாஷர் மாற்ற நானே கற்றுக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் கண்டுபிடித்ததாகச் சொன்ன இடத்தில் அந்த மாறுநிலைப் புள்ளி இல்லை.

'நாம்' என்று எழுதிவிட்டேன். கட்டுரையில் உங்கள் பெயர் மட்டும்தானே இருக்கிறது. நிரல் முழுவதையும் எழுதியவள், கடைசிப் பக்கத்தில் 'கணிப்பில் உதவிய என் மனைவிக்கு நன்றி' என்ற ஒரு வரியில் நிற்கிறாள். அப்போதே கேட்டேன். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பெயர் எதற்கு, அந்த வெளிநாட்டு வேலையில் சேர்ந்ததும் உன்னையும் அழைத்துக்கொள்கிறேன் என்றீர்கள். இரண்டு வருஷம் ஆகிறது.

நீங்கள் போன பிறகு இயற்பியல் துறையில் எனக்கு ஒதுக்கியது மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறை. பெரிய கணினியில் யாருக்கும் வேலை இல்லாத நேரமாகப் பார்த்து, அணுக்கருவுக்குள் இருக்கும் குவார்க்குகளைக் கணினியில் அடைக்கும் அந்தக் கற்பனைப் பெட்டிகளை இன்னும் பெரிதாக்கி, நம் கணக்கை ஓட்டினேன். ஏழு மாதம் பிடித்தது. குவார்க்குகள் அந்த வெப்பத்திலும் அடர்த்தியிலும் நிஜமாகவே நிலை மாறுகின்றன என்றால், பெட்டி பெரிதாகப் பெரிதாக வரைபடத்தில் அந்த முகடும் உயர வேண்டும். உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உயரவில்லை. இரண்டு மடங்கு பெட்டியிலும் அதே உயரம், மூன்று மடங்கிலும் அதே உயரம்.

முதலில் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்தால் மற்ற எதை எழுதியும் பயனில்லை. நன்றாக வேண்டும் அவருக்கு என்று வாய்விட்டே சொன்னேன். மறுநாள் என் நிரலை வரிவரியாகத் துழாவ ஆரம்பித்தேன். என் பக்கம் ஒரு பிழை கிடைத்துவிடாதா என்று ஏங்கினேன். கிடைக்கவில்லை.

இரண்டு சின்னப் பெட்டிகள் போதாது என்று கட்டுரை போகும்போதே எனக்குத் தோன்றியது. நீங்கள் அவசரப்பட்டீர்கள். என் பெயர் இல்லாத கட்டுரைக்கு நான் ஏன் மெனக்கெட வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தக் குற்றம் என்னுடையது.

துறைத் தலைவரிடம் வரைபடங்களைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்தபடி, குடும்பச் சண்டையை இங்கே கொண்டுவர வேண்டாம் என்றார். நான் பொறாமையில் பிதற்றுவதாக நீங்கள் அவருக்கு எழுதியிருந்ததைத் திரையில் காட்டினார். எனக்கு ஒரு வரி எழுத நேரமில்லாதவர், அவருக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள்.

அன்று நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மாமா குடைந்து குடைந்து கேட்டார். லேத் பட்டறையில் நாற்பது வருஷம் இருந்த மனிதருக்கு எப்படிச் சொல்வது? வெண்ணெய் இளகுவது மாதிரி மெல்ல மாறுகிற இடத்தில், தண்ணீர் கொதிப்பது மாதிரி சட்டென்று மாறுகிறது என்று எழுதிவிட்டோம் என்றேன்.

"அவனுக்குத் தெரியுமாம்மா?"

மூன்று தடவை எழுதினேன் என்றேன்.

"அப்ப தெரிஞ்சுதான் சும்மா இருக்கான்."

அதற்குப் பிறகு உங்களைப் பற்றி அவர் என்னிடம் கேட்பதில்லை.

உங்கள் புள்ளியை நம்பி, அதே அடர்த்தியில் அணுக்கருக்களை மோதவிட்டுப் பார்க்க ஓர் ஆய்வுக்கூடம் அடுத்த வருஷம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறதாம். எத்தனை பேருடைய உழைப்பு! அவர்கள் வெறுங்கையோடு எழுந்து போகும்போது நீங்கள் எந்த முகத்தோடு எதிரே நிற்பீர்கள்?

திருத்தக் கட்டுரையை எழுதி முடித்துவிட்டேன். இந்த மாதக் கடைசியில் அனுப்புகிறேன். என் பெயர் முதலில், உங்கள் பெயர் அடுத்து. உங்கள் பெயரை எடுத்துவிட்டு ஒரு பிரதி அச்சடித்துப் பார்த்தேன். சகிக்கவில்லை, கிழித்துப் போட்டேன். 'எனக்குச் சம்மதம்' என்று பத்திரிகை ஆசிரியருக்கு நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். தன் தவறைத் தானே கண்டு திருத்தியவர் என்று உங்களை நாலு பேர் பாராட்டட்டும். நான் மறுத்துப் பேச மாட்டேன். அந்த வரி வராவிட்டால் என் பெயரோடு மட்டும் போகும்.

எனக்கென்று தனியாக எதுவும் எழுத வேண்டாம். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். யாருக்கும் தலை குனியாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இன்றுவரை உங்கள் மனைவி